தலையணைச் சின்னம்

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் யோசியுங்கள்.

ஓர் ஆளிடம் இரண்டு வாசல் உண்டு. இரண்டுக்கும் கதவு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, பூட்டும் கிடையாது. இரவும் பகலும் திறந்தே கிடக்கும். இருந்தும் அதில் ஒரு வாசல் வழியாக யாராலும் உள்ளே போக முடியவில்லை. அவருடைய மனைவி, கல்யாணமான நாளிலிருந்து, அந்த வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அது என்ன வாசல்?

விடை தெரிந்தவர்கள் வாயைத் திறக்காமல் இருங்கள். தெரியாதவர்களுக்குக் கதையே சொல்லிவிடும்.

ஒரு தெருவில் ஒரு மைக்செட்காரர் இருந்தார். கூட்டம், கல்யாணம், விளையாட்டுப் போட்டி, எது நடந்தாலும் ஒலிபெருக்கி அவருடையதுதான். கீழே கடை, மேலே வீடு. தினமும் காலையில் பால்காரர் வருவதற்கு முன்னாலேயே கடையைத் திறப்பார். வாயை அகல விரித்திருக்கும் குழாய்களை வாசலில் வரிசையாக வைப்பார். "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ... த்ரீ..." என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பார். அந்த வட்டாரத்தில் யார் வீட்டிலும் அலாரக் கடிகாரம் கிடையாது. தேவைப்படவில்லை.

தொழில் பழகிய காலத்தில் ஒரு நாள் அவர் குழாயைத் தோளில் சுமந்து நின்றபோது, யாரோ தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். இடது காது அன்றைக்குப் போனதுதான். பிறகு திரும்பவில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காத மைக்செட்காரனை யார் கூப்பிடுவார்கள்?

சொல்லாமல் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். இடது பக்கத்திலிருந்து யாராவது பேசினால், முகத்தைக் கொஞ்சம் யோசனையாக வைத்துக்கொண்டு, "ம்" என்பார். பேச்சு நீண்டால் "ஆமா ஆமா". இன்னும் நீண்டால் "பாத்துக்கலாம்". கேள்வி மாதிரித் தெரிந்தால் "இருக்கட்டும்". இந்த நாலு வார்த்தையில் அவர் குடும்பமே நடந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்கள் இல்லையா? இவருக்கு அந்த வேலையே மிச்சம். வாங்கினால்தானே விடுவதற்கு!

மனைவி வாடகைக் கார் நிலையத்தில் தொலைபேசி எடுப்பவள். இருமிக்கொண்டு சொன்னாலும், அழுதுகொண்டு சொன்னாலும், வாயில் பல்பொடியோடு சொன்னாலும், முகவரியைப் பிசகாமல் பிடித்துவிடுவாள். அவள் குரல் மட்டும் மெதுவானது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி. ஆக மொத்தம் மூன்று பேர், ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி.

ஒரு நாள் சாப்பிடும்போது அவர் அறிவித்தார்.

"நான் நிக்கப் போறேன்."

"உக்காந்து சாப்பிடுங்க," என்றாள் மனைவி.

"அந்த நிக்கறது இல்ல. எலக்‌ஷன்ல. நம்ம வார்டுல. கவுன்சிலருக்கு."

அவள் அவருக்கு எதிரே பாத்திரத்தோடு நின்றிருந்தாள். அதனால் அவள் கேட்டது அவருக்குக் கேட்டது.

"எதுக்குங்க திடீர்னு?"

"இந்த ஊர்ல யார் யாரோ பேசறதுக்கெல்லாம் நான் மைக் கட்டிக் குடுத்திருக்கேன். ஒரு தடவையாவது என் மைக்ல நான் பேச வேண்டாமா? 'ஒன் டூ த்ரீ'யைத் தவிர இதுவரைக்கும் அதுல நான் ஒண்ணும் பேசினதில்ல."

மனைவி பாத்திரத்தை மேசையில் வைத்தாள். பிறகு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நியாயம்தான்," என்றாள். "ஒரு மனுஷனுக்கு அந்த ஆசை இருக்காதா?"

அவளுடைய நாற்காலி இடது பக்கம். "ம்," என்றார் அவர்.

அவருக்குத் தேர்தல் ஆலோசகர் சலூன்காரர். கத்தரிக்கோல் ஓடும்போதே ஆலோசனையும் ஓடும்.

"அண்ணே, ரெண்டு விஷயம். வீடு வீடாப் போய்க் கதவத் தட்டுங்க. ஓட்டுக் கேக்காதீங்க, குறை கேளுங்க. ஓட்டு தன்னால வரும்."

"கேட்டுட்டாப் போச்சு. ரெண்டாவது?"

"ஒரு ஸ்பேர் வெச்சுக்குங்க. உங்க மனுவ ஏதாவது எழுத்துப் பிழைன்னு தள்ளிட்டா? அண்ணி பேர்ல ஒரு மனு போட்டு வைங்க. உங்களோடத ஏத்துக்கிட்டாங்கன்னா, அண்ணி வாபஸ் வாங்கிடட்டும்."

இது மைக்செட்காரருக்கு உடனே புரிந்தது. அவர் எந்த விசேஷத்துக்கும் ஸ்பேர் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் போனதே கிடையாது. ஸ்பேரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை, எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மனைவியும் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாளே கதவு தட்டக் கிளம்பினார். வலது தோளில் பேட்டரி ஒலிபெருக்கி. இடது பக்கம் துண்டுப் பிரசுரக் கட்டோடு மகள். வலது தோளில் தொங்கிய பெட்டி, பேசாத நேரத்திலும் 'ர்ர்ர்' என்று உறுமிக்கொண்டே இருக்கும். நல்ல காதுக்குப் பக்கத்திலேயே உறுமியது. எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கதவு நர்ஸம்மா வீடு. இரவு வேலை பார்த்துவிட்டு வந்தவர். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"உங்க குறையக் கேக்க வந்திருக்கேம்மா. கூச்சப்படாமச் சொல்லுங்க."

நர்ஸம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே கேக்கறீங்களா? நல்லதாப் போச்சு. சத்தம்தாண்ணே. படுத்தாத் தூக்கமே வரதில்ல."

"சுத்தமா?"

"சத்தம்!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன், சுத்தம். சுத்தம் இல்லாத இடத்துல தூக்கம் எப்படி வரும்? என்கிட்ட விட்டுடுங்க."

இரண்டாவது கதவு, ஓய்வு பெற்ற வாத்தியார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"நேரா சொல்லிடறேன். இந்தத் தெருவுல சத்தம் ரொம்ப அதிகம்."

"சுத்தம் அதிகமா சார்? அது பெருமைதானே?"

"பெருமையா! காலைல மனுஷன் காதைப் பொத்திக்கிட்டு எந்திரிக்கறான்!"

மைக்செட்காரருக்கு இதில் பாதிதான் விழுந்தது. பாதியை வைத்துப் பதில் சொல்வதில் அவர் பழுத்தவர். "கவலைப்படாதீங்க சார். இங்க அதிகமா இருந்தா என்ன, நான் ஜெயிச்சதும் மத்த தெருவுக்கும் சமமாப் பிரிச்சுக் குடுத்துடறேன்."

"அடப்பாவி!" என்றார் வாத்தியார்.

"நன்றி சார்," என்றார் மைக்செட்காரர்.

மூன்றாவது வீட்டில் ஒரு சின்ன வயதுத் தாய், தோளில் அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை. அவள் வாயைக் குவித்து, மூச்சுவிடுகிற மாதிரி ஏதோ சொன்னாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"பயப்படாம, சத்தமாச் சொல்லும்மா!"

குழந்தை சொன்னது. தெருவுக்கே கேட்டது.

"அப்பா," என்றாள் மகள், படி இறங்கும்போது. "எல்லாரும் சத்தம்னு சொல்றாங்கப்பா. சுத்தம்னு யாருமே சொல்லலை."

"ஆமா ஆமா," என்றார் அப்பா.

அன்று மேசையில் அவர் வெற்றி பெற்றவராகவே உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வீடு விடாம ஒரே குறை! சுத்தம், சுத்தம், சுத்தம்! நாளைலேர்ந்து வண்டி மேல நாலு குழாய் கட்டி, தெருத்தெருவா 'சுத்தம்'னு முழங்கப் போறேன்."

வாடகைக் கார் நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடுகிற வார்டுக்காரர்கள் எல்லாம், வண்டி கேட்டுவிட்டு, "அப்படியே உங்க வீட்டுக்காரர்கிட்டக் கொஞ்சம் சொல்லுங்கக்கா" என்று மனைவியிடம் வெகுநாளாகவே முறையிட்டு வருகிறார்கள். அவளும் சொல்லாமல் இல்லை.

"அது சுத்தம் இல்லீங்க, சத்தம்."

"அதத்தானே நானும் கத்தறேன்!"

"நம்ம கடைச் சத்தத்தச் சொல்றாங்க. நான் எத்தனை நாளாச் சொல்றேன்!"

"பாத்துக்கலாம், பாத்துக்கலாம்."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சோற்றுப் பாத்திரத்துக்கு அந்தப் பக்கம் மகள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க மனுவ ஏத்துக்கிட்டாங்களாம். என் மனுவ வாபஸ் வாங்க நாளைக்குக் கடைசி நாள். வாங்கிடட்டுமா? இல்ல, இருக்கட்டுமா?"

அவள் பார்வை பாத்திரத்தின் மேல் இருந்தது. உள்ளே கொஞ்சம் சோறு மிச்சம் இருந்தது. மைக்செட்காரர் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்! எதுக்கு வீணாக்கணும்? காலைல நம்ம வீட்டுக்கே உபயோகப்படும்."

"சரி," என்றாள் மனைவி.

அதற்கு மறுநாளுக்கு மறுநாள் சலூன்காரர் மேல்துண்டு பறக்க ஓடிவந்தார்.

"அண்ணே! வேட்பாளர் பேரெல்லாம் ஒட்டிட்டாங்க. உங்க பேர் இருக்கு. ஒலிபெருக்கிச் சின்னம்."

"பிரமாதம்!"

"அதுக்குக் கீழ ஸ்பேரும் இருக்குண்ணே. யாரும் வேணாம்னு ஒதுக்கின சின்னம் ஒண்ணு மிச்சம் இருந்துச்சாம். தலையணை. அத அண்ணிக்குக் குடுத்துட்டாங்க."

மைக்செட்காரர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

"நீ வாபஸ் வாங்கலையா?"

"கேட்டேனே. இருக்கட்டும்னீங்க."

"நான் சோத்தச் சொன்னேன்!"

"நான் மனுவக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். நம்ம வீட்டுக்கே உபயோகப்படும்னுகூடச் சொன்னீங்க."

"ஆமாப்பா," என்றாள் மகள். "சொன்னீங்க."

இடது காது கேட்காது என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்துவிடும். அதைத்தான் அவரால் சொல்ல முடியாது. "சரி, நில்லு! ஊர் யாரக் கேக்குதுன்னு பாத்துடலாம்!" என்று சொல்லிவிட்டுக் கீழே போய், நாலு குழாய் கட்டவேண்டிய இடத்தில் ஆறு குழாய் கட்டினார்.

"சுத்தம்! சுத்தம்! சுத்தம்!" வண்டி காலையிலும் மாலையிலும் தெருவைச் சுற்றியது. மனைவி வேலை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, விரல் முட்டியால் கதவுகளை மெதுவாகத் தட்டிக்கொண்டு போனாள். குறை என்ன என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பாள். சொல்கிறவர்கள் சொல்லி முடித்த பிறகும் கொஞ்சம் நிற்பாள். அப்போது இன்னொன்று வரும்.

"தலையணை மந்திரம்னு சொல்லுவாங்க. அது வீட்டுக்குள்ள ஓதறது," என்று சலூனில் பொருமினார் மைக்செட்காரர். "இவ ஊருக்கே ஓதறா!"

சலூன்காரர் ஏனோ அன்றைக்கு ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. கொட்டாவி விட்டார்.

கடைசி வாரத்தில் அவர் மறுபடியும் நர்ஸம்மா வீட்டுப் படி ஏறினார். பாதிப் படியில் தோள் பெட்டியின் பேட்டரி தீர்ந்தது. உறுமல் நின்றது. கதவுக்குப் பக்கத்தில் யாரோ சைக்கிளைச் சாத்தி வைத்திருந்ததால், அவர் வழக்கத்துக்கு மாறாக இந்தப் பக்கம் ஒதுங்கி நின்றார். வலது காது கதவைப் பார்த்தது. அவ்வளவுதான் நடந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"மறுபடியுமா?" என்றார் நர்ஸம்மா, அலுத்துப்போன குரலில். "அண்ணே, எங்களுக்குச் சுத்தமெல்லாம் வேண்டாம். சத்தம் போடாம இருந்தாப் போதும்."

மைக்செட்காரர் வாயைத் திறந்தார். நாலு வார்த்தையில் எதுவும் வரவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"சத்தம்ணே. ச... த்... த... ம். உங்க சத்தம். உங்க சம்சாரம் உங்ககிட்டச் சொல்லலையா?"

"சொல்லியிருப்பா," என்றார் அவர்.

கதவு மூடியது. அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சொல்லியிருப்பாள். வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, காலைச் சோதனை முடிந்து அவர் மாடிக்கு வந்தால், அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஏதோ சொல்வாள். "ம்" என்றிருக்கிறார். ஒரு தடவை புதுச் சேலையோடு பக்கத்தில் வந்து நின்று ஏதோ கேட்டாள். "பாத்துக்கலாம்" என்றிருக்கிறார். அவள் போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய அப்பா தவறிப்போனதற்கு அடுத்த நாள் மேசையில் வெகுநேரம் பேசினாள். "ஆமா ஆமா" என்று தலையாட்டியிருக்கிறார். படுக்கையிலும் அவருக்கு வலது பக்கம் சாய்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும். நல்ல காது தலையணைக்குள், செத்த காது மேலே. ஊர் நினைக்கிற தலையணை மந்திரம் எல்லாம் அந்தச் செத்த வாசலில்தான் காத்துக் கிடந்திருக்கிறது.

அந்த நாலு வார்த்தைக்கு எதிரே இருந்த கேள்விகள் என்னென்ன? ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. பதில் மட்டும் எல்லாவற்றுக்கும் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குப் போனார். மனைவி மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். எனக்கு இடது காது கேக்காது."

"தெரியும்," என்றாள் அவள், எதிர்ப்பக்கத்திலிருந்து.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"கல்யாணமான புதுசுலேர்ந்து."

"அப்புறம் ஏன் அந்தப் பக்கமே உக்காந்து பேசின?"

"மொதல்ல வலது பக்கந்தான் உக்காந்தேன். டீவி மறைக்குதுன்னு சொன்னீங்க."

அவள் நறுக்கி முடித்துக் கத்தியைத் துடைத்தாள். அவருக்கு, அந்த நாற்காலியைத் தானே இழுத்து அந்தப் பக்கம் போட்டது நினைவுக்கு வந்தது.

"வாபஸ் கேட்டப்ப மட்டும் வேணும்னுதான் அந்தப் பக்கம் கேட்டியா?"

"எப்பவும் கேக்கற பக்கந்தானே கேட்டேன்," என்றாள் மனைவி. "அன்னிக்குத்தான் நீங்க எனக்கு வேண்டிய பதில் சொன்னீங்க."

பிரசாரத்தின் கடைசி மாலை, முச்சந்தியில் அவர் தனக்காகவே ஒரு மைக் கட்டியிருந்தார். அவர் ஆசைப்பட்ட மைக். கூட்டம் தள்ளியே நின்றது. சிலர் முன்னெச்சரிக்கையாகக் காதில் விரலை வைத்திருந்தார்கள். மைக்செட்காரர் மைக்கைப் பிடித்தார். "ஹலோ," என்றார். சொல்லவேண்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. இத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்த கருவியில் அதை எப்படிச் சொல்வது? "ஒன்... டூ..." என்றார். மூன்று வரவில்லை. சுவிட்சை அணைத்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் மனைவி நின்றிருந்தாள். "நீ பேசு," என்று மைக்கை நீட்டினார்.

"மைக் வேண்டாங்க," என்றாள் அவள்.

அங்கேயே நின்று, கார் நிலையத்தில் பேசுகிற அதே குரலில் பேசினாள். ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள் பகலில் தூங்கட்டும், பிள்ளைகள் விடிந்த பிறகு எழட்டும், அதற்கு வேண்டியதைச் செய்கிறேன் என்றாள். கேட்பதற்காகக் கூட்டம் கிட்டே வந்தது. மைக்செட்காரரும் வந்தார். வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, தோளோடு தோளாக நின்றார். 'ழ' வருகிற இடத்தில் அவள் குரல் கொஞ்சம் நெகிழும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இது ஊரில் தொலைபேசி வைத்திருந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஓட்டு எண்ணினார்கள். தலையணை ஊரையே சாய்த்தது. தூக்கத்துக்கு ஏங்காத வீடு அந்த வார்டில் ஒன்று இல்லை. ஒலிபெருக்கிக்கு விழுந்தது ஒரே ஓர் ஓட்டு.

அந்த ஓட்டைத்தான் மைக்செட்காரரால் ஜீரணிக்க முடியவில்லை. ஏனென்றால் அது அவர் போட்டதில்லை. அவர் தலையணைக்குப் போட்டிருந்தார். சலூன்காரரைக் கேட்டார். "கோவிச்சுக்காதீங்கண்ணே, எனக்கும் தூக்கம் வேணும்," என்றார் சலூன்காரர்.

அன்று சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த ஒரு ஓட்டு... நீயா போட்ட?"

மனைவி ஏதோ சொன்னாள். அவள் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கேட்கவில்லை. "ம்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார். எழுந்து போய், அவள் நாற்காலியை அவளோடு சேர்த்து இழுத்து, வலது பக்கம், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே கொண்டுவந்து போட்டார். திரை முழுசாக மறைந்தது.

"இப்ப சொல்லு."

"கவுன்சிலர் பேசறேன்," என்றாள் மனைவி. "நாளைலேர்ந்து காலைல மைக் டெஸ்டிங் கிடையாது."

"அது சரி. அந்த ஓட்டு?"

"அது ரகசிய வாக்கெடுப்புங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கேட்கிற பக்கம் உட்கார்ந்தால் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லையே. இன்னொரு நாற்காலியையும் வலது பக்கம் போட்டு, மகளைக் கூப்பிட்டார்.

"இனிமே இந்த வீட்ல யாரும் இடது பக்கம் உக்கார வேண்டாம். நீ என்ன கேட்டாலும் அப்பாவுக்குக் கேக்கணும். வா, எந்த நாற்காலி வேணுமோ நீயே எடுத்துக்கோ."

மகள் வலது பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடட்டுமா என்று கேட்கவேண்டியிருந்தது.

நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய், இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.